ஆறாத வண்டி

ஜீப்பின் என்ஜின் மூடியில் கை வைத்துப் பார்த்தேன், இன்னும் சூடு இருக்கிறது. கையைப் பொசுக்குகிற சூடு இல்லை. காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையின் நெற்றியில் இருக்குமே, இருக்கிறதா இல்லையா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கச் சொல்கிற சூடு, அது. மலையிலிருந்து காத்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் காதுக்குள் புகுந்து வலியெடுக்க வைக்கிற போடிக் காத்து, இன்றைக்கு மட்டும் ஏன் இப்படிச் சோம்பிக்கொண்டு வீசுகிறது, இந்த மூடிக்குள் புகுந்து கொஞ்சம் ஊதிவிட்டால் என்ன. மூடியைத் திறக்க எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஆள் எங்கேயோ ஒரு கம்பியை இழுப்பார், டக்கென்று வாயைத் திறக்கும், அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. அவர் மெக்கானிக் அன்வர் அண்ணனைக் கூட்டிவரப் பைக்கில் போயிருக்கிறார். போகும்போது வாசலில் நின்று சொன்னார், "இந்தா புள்ள, வண்டிப் பக்கம் போகாத. நல்லா ஆறிக் கெடக்கட்டும். அண்ணன் வந்துதான் மொத ஸ்டார்ட்டு." நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டிய நான்தான் ஸ்டார்ட் பண்ணினேன். பண்ணிவிட்டு, கொடியில் கிடந்த துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, என்ஜின் மூடி மேல் விரித்து, அது சுருங்காமல் நீவி விட்டுக்கொண்டு நிற்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படித்தான் நீவினேன். பாப்பா இப்போது என் தோளில் தூங்குகிறாள், எச்சில் என் கழுத்தில் வடிகிறது, அவள் மூச்சும் வண்டியின் சூடும் ஒரே மாதிரி இருக்கிறது, இரண்டில் ஒன்றாவது ஆறினால் போதும்.

அழுதாள், அதனால்தான். அவர் பைக் தெருமுக்கைத் தாண்டியிருக்காது, எழுந்துவிட்டாள். பல் முளைக்கிற பிள்ளை. இவள் அழுதால் மற்ற பிள்ளைகள் மாதிரி அழுது ஓய மாட்டாள், அழுதுகொண்டே போய் ஓர் இடத்தில் மூச்சு நின்றுவிடும், வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் வராது, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஊதினாலும் முதுகில் தட்டினாலும் திரும்பாது. வண்டி ஓடுகிற சத்தம் ஒன்றுதான் அவளைத் திருப்பும். கைப்பிள்ளையாக இருக்கும்போது அவர்தான் அதைக் கண்டுபிடித்தார், ஸ்டார்ட் பண்ணி மடியில் போட்டுக்கொண்டால் அந்த அதிர்விலே கண் சொருகிவிடுவாள். எனக்கும் சொல்லித் தந்தார். கியரு நடுவுல இருக்கான்னு ஆட்டிப் பாரு, கைப்பிரேக்கு போட்டிருக்கான்னு பாரு, சாவியத் திருகு, மிச்சத்தத் தொடாத. வண்டியில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்கு உதடு கருத்ததும் நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, கை போய்விட்டது, அவ்வளவுதான். சாவி வண்டியிலேயே தொங்கியது. திருகினேன். வந்தது. டொக் டொக் டொக் டொக் என்று, கீழேயிருந்து, அடியில் யாரோ மல்லாந்து படுத்துக்கொண்டு கைமுட்டியால் தட்டுகிற மாதிரி. கடைசி அடி மட்டும் கொஞ்சம் பிந்தி வரும், வராது போலிருக்கிறது என்று நினைக்கும்போது வரும், டொக். அதோடு நின்றுவிடும், ம்ம்ம் என்று சுத்தமாக ஓட ஆரம்பிக்கும். என்றைக்கும் இல்லாத தெளிவாக இன்றைக்குக் கேட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒரு நொடி. இன்றைக்கு வந்துவிட்டது, இன்றைக்கு அவரும் அண்ணனும் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பாப்பா மூச்சை இழுத்து விட்டாள். அப்புறம்தான் உறைத்தது, ஆறின வண்டியில் முதல் தடவை மட்டும்தான் அது வரும், அவர்கள் கேட்கவேண்டியதை நான் கேட்டு முடித்துவிட்டேன் என்று.

இந்தச் சத்தத்தை நான் காதால் கண்டுபிடிக்கவில்லை, முதுகால் கண்டுபிடித்தேன். வண்டி எங்கள் அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் நிற்கும், வண்டி மூக்கு சுவரை இடிக்கிற மாதிரி. விடிகிற நேரத்தில் அவர் கிளம்பும்போது நான் அந்தச் சுவரில் சாய்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன். சாவியைத் திருகியதும் சுவர் வழியாக வந்து முதுகெலும்பில் இடிக்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பல்லைக் கடிக்கும், பாப்பா பால் குடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், அது முடிந்ததும் மறுபடி குடிப்பாள். அவருக்குக் கேட்காது. அவர் சாவியைத் திருகுகிறபோதே காலை அழுத்தி உறுமவிடுவார், பாட்டும் போட்டுவிடுவார். முதல் நாள் சொன்னபோது, டீசல் வண்டின்னா தட்டத்தான் செய்யும், அது என்ன தையல் மிஷினா என்றார். டீசல் வண்டி தட்டுவது எனக்கும் தெரியும், அது மேலே, உலை கொதிக்கும்போது மூடி ஆடுகிற மாதிரி, அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது. ஏழாவதோடு நின்றவள் நான். டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டேன், நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒனக்குக் கேக்குது, சரி. வேற யாருக்குக் கேக்குது?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரலை எனக்குத் தெரியும்.

பாப்பா பிறந்த புதிதில் வந்த குரல் அது. அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும், எனக்கு அழுகிற சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்ப்பேன், தூங்கும். திரும்பி வந்தால் மறுபடி கேட்கும். குளிக்கும்போது கேட்கும், தண்ணீரை நிறுத்தினால் நிற்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டில் போய், எம்புள்ளய எதுக்கு இங்க வச்சிருக்கீங்க என்று கேட்டுவிட்டேனாம், எனக்கு அது ஞாபகம் இல்லை, ஆனால் கேட்டதாகச் சொல்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அப்புறம் அவர் வந்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார், மெதுவாகப் பேசிக் கூட்டிப்போனார். மாத்திரை நல்ல மாத்திரைதான், சத்தமெல்லாம் நின்றுவிட்டது. எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. மரக்கட்டை மாதிரி கிடந்தேன், பாப்பா நிஜமாகவே அழுது நிஜமாகவே நீலமானபோது பக்கத்திலேயே கிடந்தேன், எனக்குக் கேட்கவில்லை, அம்மா வந்து தூக்கினாள். பால் வற்றிப்போய் மறுபடி ஊறப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது மறுபடி ஒரு சத்தம். யாருக்கும் கேட்காமல் எனக்கு மட்டும் கேட்கிற சத்தம். ஒன்று வண்டி கெட்டிருக்கிறது, இல்லாவிட்டால் நான் கெட்டிருக்கிறேன். இரண்டில் ஒன்று. நேற்றும் அவர் சொன்னார், "இந்தத் தடவயும் அன்வரண்ணனுக்குக் கேக்கலன்னா இதோட விட்டுரணும், என்ன. டாக்டரம்மாகிட்ட ஒரு நடை போயிட்டு வந்துருவோம்." நான் சரி என்றேன். வண்டியாக இருக்கட்டும், மாரியம்மா, வண்டியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். புருஷன் சோறு போடுகிற வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று எந்தப் பொம்பளையாவது வேண்டுவாளா. நான் வேண்டினேன். துண்டு வெதுவெதுப்பாகிவிட்டது. மறுபடி முக்கிப் பிழியாமல் போட்டேன், தண்ணீர் மூடியில் ஓடி முன்விளக்கில் வடிந்தது, வண்டி அழுகிற மாதிரி இருந்தது.

அன்வர் அண்ணன் மட்டும்தான் என் பேச்சைக் கேட்க ஒரு நிமிஷம் நின்ற ஆள். முதல் தடவை நாங்கள் வண்டியை அவர் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனோம், போகிற வழியிலேயே வண்டி சூடேறிவிட்டது, எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணியும் அந்தச் சத்தம் வரவில்லை. அவர் கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, நீதான கேட்டது, எப்டிக் கேட்டுச்சு என்றார். பட்டறைத் தகரத்தில் கைமுட்டியால் தட்டிக் காட்டினேன், டொக் டொக் டொக், அதற்குள் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று வெட்கம் வந்து கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். பிந்தி வருகிற கடைசி அடியைத் தட்டிக் காட்டவே இல்லை. அவர் சிரிக்கவில்லை. "மேலருந்து வருதா, கீழருந்தா?" கீழருந்து என்று சொன்னேன், சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் எங்கள் வீட்டு ஆளிடம் சொன்னார், "ராத்திரி பூராம் வண்டி நிக்கும்போது ஆயிலு அடியில எறங்கிரும் மொக்கராசு. காலையில மொத ஸ்டார்ட்டுல அது மேல ஏறுற வரைக்கும் இரும்பும் இரும்பும் வெறுசா இடிக்கும். மேலருந்து கிச்சுக்கிச்சுன்னு வந்தா அது டேப்பெட்டு, பயமில்ல. கீழருந்து வந்தா பேரிங்கி. பேரிங்கின்னா வெளையாட்டு இல்ல. என்னைக்காச்சும் ஏத்தத்துல ராடு ஒடிஞ்சு என்ஜினப் பொத்துக்கிட்டு வெளிய வந்துரும்." ஆயிலும் பில்டரும் மாற்றிக் கொடுத்தார். பில்டரில் குறை இருந்தாலும் ஆயில் இறங்கிவிடுமாம், அதுவாக இருந்தால் இதோடு நின்றுவிடும் என்றார். நிற்கவில்லை. மறு நாள் காலையிலேயே முதுகில் இடித்தது. பாப்பா பாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அண்ணன் சொல்லிவிட்டார், குளுந்த வண்டியிலதான் அது பேசும், நானே வீட்டுக்கு வாறேன், நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் சாவியத் தொடக்கூடாது என்று. ஒருத்தரும் தொடக்கூடாது. ஏத்தம் என்றால் என்ன ஏத்தம் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவை அவரோடு போடிமெட்டுக்குப் போயிருக்கிறேன், ஊசி ஊசியாக வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, கீழே நம் ஊர் கொட்டிவைத்த புளியங்கொட்டை மாதிரி கிடக்கும். ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகளை அடைத்து அடைத்து ஏற்றிக்கொண்டு அவர் தினம் அந்த வழியாகத்தான் போகிறார். வளைவில் வண்டி நின்றுபோனால் பின்னால் வழுகும். பிரேக் பிடிக்கும், பிடிக்காமல் எங்கே போகும். பிடிக்கவில்லை என்றால்.

நினைக்க நினைக்கவே பொம்பளைகள் வந்துவிட்டார்கள். தூக்குவாளியும், தலையில் கட்டின துணியும், இடுப்பில் மடித்துச் செருகின பிளாஸ்டிக் தாளுமாக, வரும்போதே சிரித்துக்கொண்டு. வீருசின்னு மதினிதான் முதலில். எங்கள் வீட்டு ஆளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பொண்டாட்டி, மலைக்குப் போகிற பொம்பளைகளுக்கு அவள்தான் தலைவி மாதிரி. துண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னடி பேச்சி, வண்டிக்குத் தலைக்கு ஊத்திவிட்டியா, துண்டெல்லாம் கட்டிருக்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்தால் அத்தோடு விட்டுவிடுவார்கள். விடவில்லை. "சாம்பிராணி போட்டியா, இல்ல இனிமேத்தானா?" "பேருதான் பேச்சி, பேச்சக் காணோம்." பின்னால் நின்ற ஒருத்தி குரலைத் தணித்துச் சொன்னாள், "அவ எதுக்கு நம்மகிட்டப் பேசணும், வண்டிதான் அவகிட்டப் பேசுதாம்ல." தணித்துச் சொன்னது எனக்குத்தான் முதலில் கேட்கும், என் காது அப்படி. மதினி அவளை முறைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து பாப்பாவின் காலைத் தடவினாள். மதினியிடம் சொல்லிவிடலாம். மதினி, நான் ஸ்டார்ட் பண்ணிட்டேன், வண்டி சூடா இருக்கு, இப்பப் பாத்தா சத்தம் வராது, இன்னைக்குப் போகாதீங்க, யாரும் போகாதீங்க. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. மனசுக்குள் வரிசையாக நிற்கிறது, ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி, முதலில் நிற்பது நகர்ந்தால்தானே மற்றது வரும். மதினி என்று ஆரம்பித்தேன். பைக் சத்தம் கேட்டது. துண்டை உருவி அடுப்படிக்குள் எறிந்துவிட்டு வாசல்கதவோடு ஒட்டிக்கொண்டேன். எதற்கு எறிந்தேன். அது அங்கேயே கிடந்திருந்தால் கேட்டிருப்பார்கள், கேட்டால் சொல்லியிருப்பேன்.

அன்வர் அண்ணன் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். எங்கள் வீட்டு ஆள் என்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்து இழுத்தார், கை நனைந்தது, தூக்கிக் காட்டினார். "பாருங்கண்ணே, எப்டிப் பனி எறங்கிருக்குன்னு. ஐஸா இருக்கு. நேத்து சாயங்காலத்துலருந்து ஒரு ஆளு தொடல." பனி. நான் ஊற்றின தண்ணீர் அது. தொட்டித் தண்ணீர். அண்ணன் தலையாட்டினார், மூடியைத் திறந்தார், ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கீழ்ப்பக்கம் என்ஜினில் ஊன்றி, அதன் கட்டையைக் காதுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார். டாக்டரம்மா என் நெஞ்சில் வைத்துக் கேட்ட மாதிரி. என்ஜினை அவர் கையால் தொடவில்லை. தொடுவார் என்று பார்த்தேன். பனியைப் பார்த்தவர் எதற்குத் தொடவேண்டும். "பாட்டு வேணாம், காலு வைக்காத. சாவிய மட்டும் திருகு." பொம்பளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். திருகினார். ம்ம்ம் என்று ஓடியது. ஒரு தட்டு இல்லை. அண்ணன் கண்ணைத் திறக்காமல் அப்படியே இருந்தார், ஊன்றின இடத்தை மாற்றினார், மறுபடி மாற்றினார். எனக்கு அந்த நேரத்தில் ஒரு கேடுகெட்ட ஆசை வந்தது, உள்ளே போய் அந்தச் சுவரை நானே கைமுட்டியால் இடித்துவிடலாமா என்று. அண்ணன் எழுந்தார். "பேரிங்கி பேசலப்பா. நல்லாத்தான் ஓடுது." எங்கள் வீட்டு ஆள் என்னைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன், நான் ஸ்டார்ட் பண்ணிட்டேன் என்று. சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, என் குரல் அதற்குள் போய்விட்டது, எனக்கே கேட்கவில்லை. "என்ன பேச்சி, வாய மட்டும் அசைக்கிற?" என்றாள் மதினி ஏறிக்கொண்டே.

எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். தூக்குவாளிகளைக் காலுக்கடியில் தள்ளினார்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி. நான் கதவை விட்டு இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்று சொன்னேன், இந்தத் தடவை சத்தமாக, எனக்கே பயமாக இருக்கிற சத்தத்தில். "நான் ஸ்டார்ட் பண்ணிட்டேன். நீங்க போனதும். பாப்பா அழுதுச்சு." அவர் பாப்பாவைப் பார்த்தார். "தூங்குது." "ஸ்டார்ட் பண்ணினேன், அதான் தூங்குது." "அப்பச் சத்தம் வந்துச்சா?" "வந்துச்சு." அவர் சிரிக்கிற மாதிரி மூச்சை விட்டார். "நாங்க யாரும் இல்லாதப்ப வந்துச்சு. அப்ப இந்தப் பனி?" "தண்ணி. நான்தான் ஆறட்டும்னு ஈரத் துண்டு போட்டேன்." மதினி உள்ளேயிருந்து, நல்ல மனசோடுதான் சொன்னாள், "ஆமா மொக்கராசு, போட்டிருந்தா, நான்தான் கண்ணால பாத்தேனே. காச்சக்காரனுக்குப் போடுற மாதிரி நீவிக்கிட்டுல நின்னா." ஏறினவர்கள் எல்லாரும் என்னை எட்டிப் பார்த்தார்கள். வண்டிக்கு ஈரத்துண்டு போட்டு நீவினவள். அவர் முகத்தில் அந்த மெதுவு வந்துவிட்டது. அன்வர் அண்ணன் மட்டும் குனிந்து என்ஜினில் கை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். இவ்வளவு நேரம் ஓடின என்ஜின் சுடாமல் என்ன செய்யும். என்னைப் பார்க்காமல் சொன்னார், "நாளைக்கு ஒரு தடவ வந்து பாக்குறேன் மொக்கராசு. இன்னைக்கு மட்டும் வேணா நிறுத்தி வையி." "இத்தன பேரு ஏறி உக்காந்துட்டாங்கண்ணே, எங்க நிறுத்துறது. ஒரு நா போகலன்னா நாளைலருந்து தோட்டத்துக்காரன் வேற வண்டியச் சொல்லிருவான். நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போகணும், டாக்டரம்மாகிட்ட. மொத அதப் பாத்துருவோம்." என்னிடம் கோபமே இல்லை அவருக்கு. கையை வெளியே நீட்டிப் பாப்பாவின் தலையைத் தொட்டார். "உள்ள போயிப் படு புள்ள. நீயும் செத்த நேரம் தூங்கு." வண்டி பின்னால் வந்து திரும்பியது. மதினி எனக்குக் கை காட்டினாள். அண்ணன் கரித்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் வரவும் இல்லை, டீ வேண்டாம் என்று கையால் சொல்லிவிட்டு நடந்துபோனார்.

உள்ளே வந்து அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வண்டி இல்லை, சுவர் சும்மா சுவராக இருந்தது. சரி, இது இப்படியே முடியட்டும் என்று நினைத்தேன். அன்வர் அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டார், பேரிங்கி பேசவில்லை. அப்படியென்றால் வண்டி நல்ல வண்டி, கெட்டது நான்தான், நாளைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மரக்கட்டையாகக் கிடப்பேன், அவர் தினம் மலைக்குப் போய்விட்டுத் தினம் வருவார். இதில் என்ன குறை. நினைக்க நினைக்க ஒரு மாதிரி நிம்மதிகூட வந்தது, காய்ச்சல் விடும்போது வேர்க்குமே, அது மாதிரி. பாப்பா எழுந்துவிட்டாள். அழவில்லை. தவழ்ந்துபோய், நேற்றுப் பால் குடித்த சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு, சுவருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். டம்ளரால் சுவரில் தட்டினாள், டொக் டொக் டொக் டொக். நிறுத்தினாள். டம்ளரைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள், மறந்துவிட்டாள்போல என்று நான் நினைக்கும்போது இன்னும் ஒன்று தட்டினாள், டொக். தட்டிவிட்டு உதட்டை மூடிக்கொண்டு, ம்ம்ம் என்றாள், கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, சுத்தமாக.

போனை எடுத்துப் போட்டேன், மெட்டுச் சாலையில் ஏறிவிட்டால் எடுக்காது என்று தெரியும், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். இந்நேரம் அடிவாரத்துக் கோயிலைத் தாண்டியிருப்பார், பாட்டுப் போட்டிருப்பார், மதினி ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பாள். எடுத்தால்தான் என்ன சொல்வது. பாப்பாவுக்கும் கேட்டிருக்குங்க, வண்டிய நிறுத்துங்க. பேசப் பழகாத பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். இத்தனை நாளும் நிஜமாக இருக்கட்டும், நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டினேன், இதோ நிஜமாகிவிட்டது, அவர் அதன் மேல் உட்கார்ந்து வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறார். பாப்பா மறுபடி தட்டினாள், அதே மாதிரி, கடைசி அடி பிந்தி. எங்கே கற்றுக்கொண்டாள். பட்டறையில் நான் தகரத்தில் தட்டியபோது இடுப்பில் இருந்தாளே, அப்போது பார்த்திருப்பாள். ஆனால் நான் மூன்று தட்டியதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேனே, கடைசி அடியை யாருக்குமே காட்டவில்லையே. இல்லை, காட்டியிருப்பேன். எனக்குத் தெரியாமல் காட்டியிருப்பேன். பால் கொடுக்கும்போது, அரிசி களையும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் விரல் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும், எனக்கு அது தெரியாது, பக்கத்து வீட்டில் போய்க் கேட்டதுகூட எனக்குத் தெரியாதே. அதைப் பார்த்துத்தான் பிள்ளை படித்திருக்கிறாள். அப்படித்தான் இருக்கவேண்டும், மாரியம்மா, அப்படியே இருக்கட்டும். வண்டி நல்ல வண்டியாக இருக்கட்டும், கெட்டது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவை அசைந்துவிடு, தானாக ஒரே ஒரு தடவை தட்டிவிடு என்று. போன் பக்கத்தில் கிடந்தது. விரல்கள் சும்மா கிடந்தன.